பொதியறைக்காரி சொல்வது

லா பாஸ் பேருந்து நிலையத்தில்
இருபத்திரண்டு வருடமாக ஊரார் பைகளைக் காக்கிறேன்.
பெயர் தோரிபியா கலிசாயா.
பையை வாங்குவேன், சீட்டுக் கிழிப்பேன்.
நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும்
அறிவுரை கொசுறு.

கொசுறுக்கு எங்கள் ஊரில் யாப்பா என்று பெயர்.
சந்தையில் உருளைக்கிழங்குக்குக் காசு கொடுத்த பிறகும்
பையை விரித்தபடி நில்,
இரண்டு கூட விழும்.
விலையைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டாதே.
யாப்பா கேள்.
அதில் இரண்டு பேருக்கும் மானம் மிச்சம்.

முதலில் சொல்லியிருக்க வேண்டியது: ஓடாதே.
இங்கே காற்று மெலிந்தது.
ஒரு டச்சுக்காரப் பையன், ஆறரை அடி,
உயூனி வண்டியைப் பிடிக்க ஓடி வந்தவன்
என் மேசைக்கு முன்னால் மடிந்து உட்கார்ந்து
மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினான்.
வண்டி போய்விட்டது.
மெல்ல நட, கொஞ்சமாய்ச் சாப்பிடு, தனியாய்ப் படு.
இது என் வார்த்தை இல்லை, இங்கே எல்லோரும் சொல்வது.
மூன்றாவதைக் கேட்டுச் சிரிக்காதவரை
நான் இன்னும் பார்க்கவில்லை.

கறியும் சாறும் அடைத்த சால்தேன்யாவை
மதியத்துக்கு மேல் தேடாதே, தீர்ந்திருக்கும்.
நெட்டுக்குத்தாய்ப் பிடி, நுனியைக் கடி, உறிஞ்சு.
முள்கரண்டியால் குத்தியவர்களை
சட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

கறை என்றதும் ஞாபகம் வருகிறது.
"தோளில் ஏதோ தெறித்திருக்கிறதே" என்று
கைக்குட்டையோடு ஒருவன் பரிவாய் வந்தால்
துடைக்க விடாதே.
பையை மார்போடு அணைத்துக்கொண்டு நட.
கடுகுச் சாந்து துவைத்தால் போகும்.
சாதாரண உடுப்பில் வந்து போலீஸ் என்பவன்
கார்க் கதவை எவ்வளவு மரியாதையாய்த் திறந்தாலும்
ஏறாதே.
கிழிந்த டாலரை இங்கே கொண்டுவராதே,
நகக்கண் அளவு கிழிசலுக்கும் முகம் சுளிப்பார்கள்.

நெடுஞ்சாலையில் கல் அடுக்கியிருந்தால்
அது உனக்காக அடுக்கியது அல்ல.
இறங்கிப்போய் வாதாடாதே.
ஒரு மறியலில் என் தம்பி
மூன்று நாள் கல்லுக்குக் காவல் நின்றான்.
நின்றுபோன பேருந்தில் நான் இருந்தேன்.
சூப் கொண்டுவந்து கொடுத்தான்.
வழி விடவில்லை.

படம் எடுக்குமுன் கேள்.
இதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்,
போன மாசி வரைக்கும்.

அப்போதுதான் நாத்தனார் ஃபெலிசாவோடு
எல்லை தாண்டி அரிக்காவுக்குப் போனேன்.
பள்ளியில் வருடாவருடம் கடலுக்காக அணிவகுத்தவள்,
ஐம்பத்தொரு வயதில் முதல்முறை பார்க்கிறேன்.
சுங்கத்தில் என் கோக்கா இலைப் பொட்டலத்தைப்
பிடுங்கிக்கொண்டார்கள்.
எடுத்துப்போகக்கூடாது என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

கரையில் காற்று தாராளம்.
ஓடினேன்.
ஏழு பாவாடையும் நனைய ஓடினேன்.
பை மணலில் கிடந்தது, தனியாக.
மீன் அரிந்துகொண்டிருந்த ஒருத்தியை
கேட்காமல் படம் எடுத்தேன்,
அந்தக் கத்தியில் வெயில் அப்படி விழுந்தது.

திரும்பி வந்தால் பையைக் காணோம்.
அலை எட்டாத மேட்டில்
அவளுடைய மீன் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது.
எடுக்கக் குனிந்தேன்.
அவள் செதில் ஒட்டிய கையை நீட்டினாள்:
"முதலில் அந்தப் படத்தை அழி."

அழித்தேன்.
அவள் பார்க்க, அவள் முன்னாலேயே.
இப்போது என் போனில் இருப்பது
பன்னிரண்டு அலைகள், எல்லாமே கோணல்.

சரி, வரிசை நீள்கிறது.
சீட்டைத் தொலைக்காதே,
அடையாளம் சொன்னாலும் தரமாட்டேன்,
எல்லாப் பையும் கறுப்பு.
ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவேன்.
ஓடி வராதே,
ஒன்பதே கால் வரைக்கும் இருப்பேன்.